வாசலில் செருப்பில்லாத வீடு

போன கிழமை ஷர்மியிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது இருப்பவள் அவள்தான். ஒக்லாந்திலேயே பிறந்த பிள்ளை. தமிழ் விளங்கும், எழுத வாசிக்க வராது. எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதி ‘அங்கிள்’ என்று முடிப்பாள். நகரக் கவுன்சிலுக்கு வரும் முறைப்பாடுகளை இனிமேல் கைபேசிச் செயலியில்தான் பார்ப்பார்களாம். போகிறவர் ஒரு படம் எடுத்து ஏற்றினால் போதும், முறைப்பாடு தானாக மூடிக்கொள்ளுமாம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கென்று ஒரு கையேடும் தயாராகிறதாம். அதன் எட்டாம் பக்கத்தை எனக்கு அனுப்பியிருந்தாள். ‘தெற்காசியர் வீடுகளில் வாசலில் காலணி இல்லையென்றால் உள்ளே ஆள் இல்லை. தட்டிக்கொண்டு நிற்க வேண்டாம்.’ மேலே தலைப்பு: ‘சிவாவின் உத்தி’. பக்கத்தில் போட என் படம் ஒன்று வேண்டும், சிரித்த முகமாக இருந்தால் நல்லது என்று கேட்டிருந்தாள்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை வாசித்தேன். அதேதான். ஐயோ கடவுளே, நான் செய்த எத்தனையோ நல்ல வேலைகளை மறந்துவிட்டு இதையா இவர்கள் இவ்வளவு காலமும் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள்!

உடனே அழைத்தேன். “பிள்ளை, அந்தப் பக்கத்தைக் கிழிச்சு எறி” என்றேன். அவள் பதறிப்போய், எல்லோருக்கும் அது மிகவும் பிடித்திருக்கிறதே, ஏன் அங்கிள் என்றாள். தொலைபேசியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதித் தருகிறேன், நீ உன் அம்மாவைக் கொண்டு வாசிப்பித்துக் கேள் என்றேன். எழுதியது இதுதான்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யாழ்ப்பாணத்தில் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞனாக இருந்தவன், இங்கே வந்து இரண்டு வருடம் பழக்கடையில் பெட்டி தூக்கினேன். பிறகு கவுன்சிலில் தொலைபேசி எடுக்கும் வேலை. அங்கே மூன்று மாதம் திட்டு வாங்கியதுதான் பயிற்சி. அதன்பின் வெளியே போய்ப் பார்க்கிற வேலைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அதுதான். அடுத்த வீட்டு நாய் குலைக்கிறது, மரக்கொப்பு வேலியைத் தாண்டிவிட்டது, வீதியோரப் புல்லை எவரும் வெட்டவில்லை, பூங்காவில் ஆட்கள் உட்காரும் வாங்கின் நிறத்தைக் கேட்காமல் மாற்றிவிட்டீர்கள். அந்த வாங்குக்கு மட்டும் ஒரு மனுசன் ஆறு கடிதம் எழுதினார். பெரிய விசயம் ஒன்றும் எங்களிடம் வராது என்றுதான் நினைத்திருந்தேன்.

எனக்கு மேலதிகாரி லோசா. சமோவாவில் பிறந்தவர். பெரிய உருவம், மெல்லிய குரல். கோடையோ குளிரோ காலில் ரப்பர் செருப்புத்தான். இங்கே அதை ஜாண்டல் என்பார்கள். கூட்டத்துக்கும் அதோடுதான் வருவார். போய்ப் பார்த்துவிட்டு வந்து நாங்கள் நிரப்பும் படிவத்தை அவர் மேலிருந்து வாசிக்கவே மாட்டார், கடைசி வரியில்தான் தொடங்குவார். அந்த வரியைப் படிவத்தில் சேர்த்தவரும் அவர்தான். ‘யாரைக் கண்டீர்?’ அவ்வளவுதான் கேள்வி. மரம் முறிந்தது என்று அழைப்பு வந்தால் மரத்தைப் பார்த்துவிட்டு வர முடியாது. அழைத்த ஆளையும் காண வேண்டும். நான் ஆரம்பத்தில் முணுமுணுத்தபோது, “மரம் எங்களை அழைக்கவில்லை, சிவா” என்றார்.

ஆளைக் காணாவிட்டால் வெவ்வேறு நேரத்தில் மூன்று முறை போய்த் தட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் தபால் பெட்டியில் ஓர் அட்டை போட வேண்டும்; ‘வந்தோம், காணவில்லை’ என்பதைத் தவிர யார் எதற்கு அழைத்தார் என்று அதில் இருக்காது. அதன்பிறகுதான் ‘வீட்டில் எவரும் இல்லை’ என்று எழுதி மூடலாம். ஒரு நாளைக்குப் பதினைந்து முறைப்பாடு வைத்திருப்பவனுக்கு இது எவ்வளவு எரிச்சல் என்று நினைத்துப் பாருங்கள்! அங்கேதான் என் கெட்டித்தனம் வேலை செய்தது. எங்கள் ஆட்களின் வீடென்றால் வாசலைப் பார்த்தால் போதுமே. செருப்புக் கிடந்தால் ஆள் உண்டு, கிடக்காவிட்டால் இல்லை. நிறுத்திய காரில் இருந்தபடியே பார்க்கலாம். மற்ற உத்தியோகத்தர்கள் இதைக் கேட்டு வாயைப் பிளந்தார்கள். “சிவா, நீ ஒரு துப்பறிவாளன்” என்று ஒருவன் முதுகில் தட்டினான். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. லோசாவுக்கு மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

சரி, விசயத்துக்கு வருகிறேன்.

ஒக்லாந்தின் புறநகரான தகனினியில் புதிதாக எழும்பிய குடியிருப்பில் ஒரு மாடிவீட்டிலிருந்து அழைப்பு வரத் தொடங்கியது. ஒரு பெண் குரல், உச்சரிப்பு எங்கள் ஆட்களுடையது. எண்ணி ஐந்தாறு ஆங்கிலச் சொற்கள்தான். குப்பை எடுக்கவில்லை, தயவுசெய்து வாருங்கள், வீட்டு இலக்கம். வைத்துவிடுவாள். குப்பை லொறி எந்த வீட்டில் எத்தனை மணிக்குத் தொட்டியைத் தூக்கியது என்பது எங்கள் கணினியில் தெரியும். தூக்கியிருந்தது. அடுத்த கிழமை மறுபடி அதே அழைப்பு. அதற்கடுத்த கிழமையும். இப்படிப் பதினொரு முறை!

நான் நான்கு முறை போனேன். ஒரே மாதிரிச் சாம்பல் நிற வீடுகள், ஒரே மாதிரிக் கதவுகள். குப்பைத் தொட்டி வெறுமையாக, மூடி சாத்தியபடி, ஒழுங்காக நின்றது. வாசலில் செருப்பு இல்லை. அட்டையைப் போட்டுவிட்டு வந்தேன். ஒரு முறைதான் தட்டினேன், அதுவும் விரல் நுனியால். நான்காவது முறை தபால் பெட்டியில் நீட்டிக்கொண்டிருந்த கடிதத்தில் பெயரைக் கண்டேன். ஜெயந்தன்! அட, நம்மட பொடியன்!

ஜெயந்தனைக் கோயிலில் எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை அன்னதானத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளி தூக்குகிறவன். பெரியவர்களைக் கண்டால் எழுந்து இடம் விடுகிறவன். திருச்சியில் கல்யாணம் செய்து மனைவியைக் கூட்டி வந்திருக்கிறான் என்று கேள்வி. அவளைக் கோயிலில் கண்டதாக எனக்கு நினைவில்லை. அதையும் நான் அப்போது யோசிக்கவில்லை.

முறைப்பாடு செய்தவர் யார் என்பதை எவருக்கும் சொல்லக்கூடாது. ஒரே வீட்டில் இருக்கிறவருக்கும் சொல்லக்கூடாது. முதல் நாளே கையெழுத்து வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிற விதி அது. எனக்கு அது மனப்பாடம். அந்த வெள்ளிக்கிழமை இலைக்கு முன்னால் இருந்துகொண்டு நான் சொன்னது இது.

“தம்பி, நீர் இப்ப தகனினியிலையே இருக்கிறீர்?”

“ஓம் அண்ணை, போன வருசம் மாறினனாங்கள்.”

“உம்மட மனுசி நல்ல உசாரான ஆள் போல கிடக்கு. குப்பை எடுக்கேல்லை எண்டு கிழமைக்குக் கிழமை எங்களுக்கு ஃபோன் அடிக்கிறா. நாங்கள் வந்து பாத்தால் வாளி வெறுமை!”

நான் சிரித்தேன். அவன் கையிலிருந்த கரண்டி கொஞ்சம் நின்றது. பிறகு அவனும் சிரித்தான்.

“அப்பிடியே அண்ணை? எனக்கு அவ சொல்லேல்லையே. இடம் புதுசுதானே, பயந்த சுபாவம். நான் பாத்துக்கொள்ளுறன்.”

“ஏசிக்கீசிப் போடாதையும், பாவம்.”

“சீச்சீ, என்ன அண்ணை நீங்கள். இன்னும் கொஞ்சம் சாம்பார் விடட்டே?”

விடச் சொன்னேன். நன்றாகச் சாப்பிட்டேன்.

அடுத்த கிழமை அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? பதினொரு படிவத்தையும் அடுக்கி வைத்து, கடைசி வரியில் ‘வீட்டில் எவரும் இல்லை’ என்று எழுதி, மேலே ‘பிரச்சினை தீர்ந்தது’ என்று முத்திரை குத்தினேன். ஒரு சொல்லால் தீர்த்துவிட்டேனே என்று மார் தட்டாத குறைதான்.

அந்த அன்னதான வெள்ளிக்கிழமைக்கு ஐந்து கிழமை கழித்து லோசா என்னைக் கூப்பிட்டார். மாத முடிவில் மூடிய படிவங்களை எல்லாம் ஒருமுறை பார்ப்பது அவர் வழக்கம். பதினொன்றையும் மேசையில் பரப்பி வைத்திருந்தார்.

“யாரைக் கண்டாய், சிவா?”

“கணவரைக் கண்டேன். எனக்குத் தெரிந்த ஆள்தான்.”

“அழைத்தது?”

“மனைவி.”

“அவளைக் கண்டாயா?”

“இல்லை. வீட்டில் ஒருவரும் இருப்பதில்லை.”

“பதினொரு முறையும் வீட்டுத் தொலைபேசியிலிருந்து, பகல் பத்து மணிக்கு அழைத்திருக்கிறாள். வீட்டில் ஒருவரும் இருப்பதில்லையா?”

அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவே இல்லை.

“பிறகு ஏன் நிறுத்தினாள்?” என்று கேட்டார்.

“நான் கணவரிடம் சொன்னேன்” என்றேன்.

லோசா சத்தம் போடவில்லை. திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அவர் முகத்தில் நான் அதுவரை பயத்தைக் கண்டதில்லை, அன்றைக்குக் கண்டேன். எழுந்து கார்ச் சாவியை எடுத்தார். “வா” என்றார்.

வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்தினோம். வாசல் வெறுமை. பழக்கதோசம், என் வாய் சும்மா இருக்கவில்லை. “ஆள் இல்லை லோசா. செருப்பைப் பாருங்கள்” என்றேன். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. மேல்மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தபடி வீட்டின் பக்கவாட்டால் நடந்து போய்ச் சமையலறை ஜன்னலில் தட்டினார். ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை. திரை அசைந்தது.

உள்ளே ஒரு பெண் நின்றாள்.

முப்பது வயதிருக்கும். ஜன்னலை நாலு விரல் அளவுக்குத் திறந்தாள். யாரென்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் தமிழில், கவுன்சிலிலிருந்து வருகிறோம், குப்பை விசயமாக என்றேன். என்னைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனாள்.

“நீங்களா? நீங்க நாலு தடவ வந்தீங்க சார். மேல இருந்து பார்த்தேன். ஜன்னல்ல தட்டித் தட்டிப் பார்த்தேன். நீங்க தரையத்தான் பார்த்தீங்க, மேல பார்க்கவே இல்ல. நான் கீழ ஓடி வர்றதுக்குள்ள கார எடுத்துட்டுப் போயிடுவீங்க.”

“செருப்பு…” என்று இழுத்தேன். வேறென்ன சொல்ல?

“எல்லாச் செருப்பையும் கார் டிக்கில போட்டு எடுத்துட்டுப் போயிடுவாரு சார். கல்யாணத்துக்கு வாங்குனது, ஊர்ல இருந்து கொண்டு வந்தது, எல்லாம். எனக்குன்னு ஒரு ஜோடி கிடையாது.”

பெயரைக் கேட்டேன். வசந்தி என்றாள். நான் லோசாவுக்கு மொழிபெயர்த்தேன். அவர் மெதுவாக, கதவு பூட்டியிருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

“இல்ல சார். பூட்டுறதே இல்ல.”

எனக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்டேன். கதவு பூட்டவில்லை! ஒரு வருடமாக அந்தக் கதவு திறந்துதான் இருந்திருக்கிறது. செருப்பில்லாமல் ரோட்டில் நடந்தால் பைத்தியம் என்று நினைத்து வெள்ளைக்காரர்கள் போலீசைக் கூப்பிடுவார்கள், போலீஸ் வந்தால் விசாவைக் கிழித்து ஊருக்கு அனுப்பிவிடும் என்று அவன் சொல்லி வைத்திருந்தான். அவளும் நம்பியிருக்கிறாள். ஒரே ஒருநாள் துணிந்து வெறுங்காலோடு தெருமுனை வரைக்கும் போயிருக்கிறாள். காரில் போன நம்மவர் ஒருவர் கண்டு, ‘உம்மட மனுசி செருப்பில்லாமல் நிக்கிறா, என்ன பிரச்சினை?’ என்று அவனுக்கே அழைத்துக் கேட்டாராம். அதற்குப் பிறகு அவள் போகவில்லை.

வெறுங்காலோடு! அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு மனுசன் வெறுங்காலோடு டெயரி என்கிற மூலைக்கடையில் பாலும் பத்திரிகையும் வாங்கிக்கொண்டு விசிலடித்தபடி வந்தான். இந்த ஊரில் பாதிப் பேர் கடைக்குப் போவது அப்படித்தானே! அவளும் அதை மாடியிலிருந்து தினமும் பார்த்திருக்கிறாள். ஆனால் அது அவர்களுக்கு, நமக்கில்லை என்று நினைத்திருக்கிறாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அதுதான் என்னை இன்றைக்கும் போட்டு உலுக்குகிறது. செருப்பைப் பற்றிய நம் இதே பழக்கத்தை வைத்து நான் வேலையைச் சுருக்கினேன், அவன் ஒரு மனுசியை அடைத்து வைத்தான்.

“பின்ன ஏம்மா போலீசுக்கு அடிக்காமல் குப்பைக்கு அடிச்சீர்?” என்று கேட்டேன்.

“குப்பைத்தொட்டி மூடிலதான் சார் நம்பர் போட்டிருந்துச்சு. குப்பைக்குக் கூப்பிட்டா யாருக்கும் கோவம் வராதுன்னு நினைச்சேன். யாராச்சும் ஒருத்தர் வந்து கதவத் தட்டுனா, மத்தத நேர்ல சொல்லிக்கலாம்னு இருந்தேன்.”

லோசா ஜன்னல் இடுக்கில் கையை நீட்டினார். வசந்தி இடது கையை நீட்டினாள். வலது கையைத் துணியால் சுற்றி மார்போடு வைத்திருந்தாள். மணிக்கட்டு வீங்கி, கோணலாக ஆறியிருந்தது. எப்போது நடந்தது என்று கேட்கச் சொன்னார் லோசா.

“அஞ்சு வாரம் ஆச்சு. ஒரு வெள்ளிக்கெழம. கோயில்ல இருந்து வந்தாரு, நேரா வந்து போனப் புடுங்கினாரு. நான் குடுக்கல.”

அதை மொழிபெயர்க்கச் சொல்லி லோசா என் முகத்தைப் பார்த்தார். எனக்கு வாய் திறக்கவில்லை. எத்தனையோ சனத்துக்கு எத்தனையோ வருடம் மொழிபெயர்த்த வாய். சாம்பார் ருசி தொண்டைக்குள் வந்து நின்றது. வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

லோசா காருக்குப் போய்ப் போலீசுக்கும், பெண்களுக்குப் புகலிடம் கொடுக்கிற ஓர் அமைப்புக்கும் அழைத்தார். இருபது நிமிடத்தில் ஒரு பெண் போலீசும் ஆண் போலீசும் வந்தார்கள். விசா பறிபோகாது, இப்படியானவர்களுக்கென்றே வேறு வழி இருக்கிறது என்று அந்தப் பெண் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். வசந்தி என்னை நம்பவில்லை. அந்தப் பெண் போலீசின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவைத் திறந்தாள். சும்மா கைப்பிடியைத் திருப்பினாள், திறந்தது. ஆனால் வாசல்படியில் வந்து நின்றுவிட்டாள். கால் கீழே இறங்கவில்லை.

லோசா தன் ஜாண்டலைக் கழற்றி அவள் காலுக்கு முன்னால் வைத்தார். இரண்டு அளவு பெரிது. அதைப் போட்டுக்கொண்டு சரக்குச் சரக்கென்று அவள் நடக்க, பக்கத்தில் வெறுங்காலோடு லோசா நடந்தார். அன்றைக்கு முழுக்க அலுவலகத்திலும் அவர் வெறுங்காலோடுதான் இருந்தார். எவரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஜெயந்தனை நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். மேற்கொண்டு என்ன நடந்தது என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, கேட்கவுமில்லை. கோயிலில் இரண்டு பேர், நல்ல குடும்பத்தைக் குலைத்துப் போட்டியள் சிவபாதம் அண்ணை என்று என்னிடமே சொன்னார்கள். சீ, இதென்ன சனம் என்று கத்திவிட்டு வந்தேன். கத்த எனக்கு என்ன தகுதி என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. வேலையில், நடந்ததை நானே எழுதிக் கொடுத்தேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன், எழுத்தில் ஓர் எச்சரிக்கைதான் தந்தார்கள். லோசா அதைத் தரும்போது, “இனி உன் கண்ணை நம்பாதே, கையை நம்பு. கதவைத் தட்டு” என்றார். அதன்பிறகு நான் தட்டாத கதவு கிடையாது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் த்ரீ கிங்ஸ் என்ற புறநகர்ப் பக்கத்திலிருந்து ஒரு முறைப்பாடு வந்தது. குப்பை எடுக்கவில்லை. பெயர் வசந்தி. வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று லோசாவிடம் கெஞ்சினேன். “நீ போ” என்றார்.

போனேன். சின்ன வாடகை வீடு. வாசலில் ஒரே ஒரு ஜோடி கறுப்புச் சப்பாத்து, கடையில் நின்று வேலை செய்கிறவர்கள் போடுகிற மாதிரி. முதலில் மேலே பார்த்தேன். அவள் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். தட்டினேன். திறந்தாள். மணிக்கட்டு இன்னும் கோணல்தான்.

“பிள்ளை, நான் அண்டைக்குச் செய்தது…” என்று தொடங்கினேன். எத்தனையோ வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வசனம்.

“மன்னிப்புக் கேட்க வந்தீங்களா, குப்பைத்தொட்டி பார்க்க வந்தீங்களா?”

“குப்பைவாளி பார்க்கத்தான் வந்தனான்.”

“அப்ப அதப் பாருங்க.”

பார்த்தேன். இந்த முறை தொட்டி நிறைந்துதான் இருந்தது. யாரோ காரைக் குறுக்கே நிறுத்தியதால் லொறியின் இயந்திரக் கை எட்டவில்லை. நாளைக்கே எடுப்பிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படிவத்தை நிரப்பினேன். கடைசி வரியில் அவள் பெயரை எழுதினேன். அவள் எட்டி நின்று வாசித்தாள். அது என்ன கேள்வி என்று கேட்டாள். யாரைக் கண்டீர் என்று போட்டிருக்கிறது, உங்களைக் கண்டேன் என்று எழுதியிருக்கிறேன் என்றேன்.

“இதே பேப்பர்தானா அப்பவும்?”

“ஓம்.”

“அன்னைக்கு என்ன எழுதுனீங்க?”

பொய் சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டது என்றாவது சொல்லியிருக்கலாம். வயது போன ஆள், நம்பியிருப்பாள்.

“வீட்டிலை எவரும் இல்லை எண்டு எழுதினனான்” என்றேன்.

“பதினோரு பேப்பர்லயுமா?”

தலையாட்டினேன். அவள் படிவத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். அழவில்லை, கோபிக்கவுமில்லை.

“நான் இருந்தேன் சார்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.